காப்பி மெஷினுக்கு அடியில் தண்ணீர்

ஜூலை 9, செவ்வாய்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், நீங்கள் யாராக இருந்தாலும் சரி, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். யாரிடமும் காட்டாதீர்கள். படிக்காமல் மூடி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. முக்கியமாக என் அப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இது என் ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் திறந்தால் டெல்லி சுல்தான்கள் வருவார்கள். அதற்கு மேல் யாரும் புரட்ட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

என் பெயர் சஷ்மிதா. ஒன்பதாம் வகுப்பு. திருப்பூரில் மாடி வீடு. அப்பா பனியன் கம்பெனிகளுக்குக் காலர் நெய்து கொடுக்கிறார். மே மாதம் அந்தக் கம்பெனிகளில் சரக்கு வாங்கும் பையர் ஒருவர், டென்மார்க்காரர், ஒரு காப்பி மெஷின் பரிசாகக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அந்தக் காப்பியைக் குடிக்காமல் தப்பிக்க முடியாது. சமையலறை மேடையில் மிக்சி இருந்த இடத்தில் அது இருக்கிறது. மிக்சி மூலைக்குப் போய்விட்டது.

அதன் பின்பக்கத்தில் ஒரு டேங்க் உண்டு. அதில் தினமும் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நானே கெஞ்சி வாங்கிய வேலை.

நேற்றிலிருந்து மெஷினுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து யாருக்கும் தெரியாமல் துடைத்தேன். அது நான் செய்ததில்லை. முழுவதும் நான் செய்ததில்லை.

ஜூலை 10, புதன்

சாயங்காலம் குழந்தைவேல் மாமா வந்தார். அப்பாவுக்கு மச்சான் முறை, பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவர். அப்பா அவரைச் சமையலறைக்கே கூட்டிக்கொண்டு போய் மெஷினைக் காட்டினார். நான் கதவோரம் நின்றேன். என் கண் முழுக்க மேடையின் விளிம்பில்.

"குடிச்சுப் பாருங்க மாப்ள. அசல் இத்தாலிக் காப்பி."

மாமா ஒரு வாய் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஏனுங் தங்கச்சி, ஊட்ல யாருக்காச்சும் சளியா? கசாயமாட்ட இருக்குது."

"அதத்தானுங்ணா நானும் சொல்றேன். உங்க மச்சாங் கேக்கறாரா?"

"உங்களுக்கு ருசி தெரியல மாப்ள, அவ்வளவுதான்" என்று அப்பா இன்னொரு கப் போட்டார்.

அப்போது கறுப்பு கிரானைட்டின் மேல் ஒரு கோடு போலத் தண்ணீர் நகர்ந்து வருவதைப் பார்த்தேன். என் கைக்குட்டையை அதன் மேல் போட்டு, டம்ளர் எடுப்பதுபோல் எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. தனக்கொடி அக்கா மட்டும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "தள்ளுங்கம்மணி, நாந்தொடைக்கறேன்" என்றாள். அவளுக்கு அது சிந்திய தண்ணீர்தான்.

தனக்கொடி அக்காதான் எங்கள் வீட்டில் எல்லா வேலையும் பார்க்கிறவள். கரூர்ப் பக்கம். வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய் ஆறு வருஷம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் அவளும் அவள் மகள் சுபிக்ஷாவும் இருக்கிறார்கள். சுபிக்ஷா ஆறாவது படிக்கிறாள்.

எல்லோரும் தூங்கிய பிறகு டேங்கைக் கழற்றி சிங்க்கில் வைத்துவிட்டேன். காலையில் மாட்டிவிட வேண்டும். இப்படிச் செய்தால் ராத்திரியில் ஒழுகாது.

ஜூலை 11, வியாழன்

மெஷினோடு வந்த புத்தகத்தைப் பள்ளிப் பையில் ஒளித்து எடுத்துப் போனேன். தண்ணீர் கசிந்தால் பார்க்க வேண்டியவை என்று ஒரு பக்கம் இருக்கிறது. கீழே உள்ள ட்ரே நிரம்பியிருக்கிறதா? இல்லை, நான் தினமும் கொட்டுகிறேன். காப்பித்தூள் போடும் கைப்பிடி சரியாக இறுகியிருக்கிறதா? இறுகியிருக்கிறது. அங்கிருக்கும் ரப்பர் வெடித்திருக்கிறதா? இல்லை, புத்தம் புதிது.

சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போனபோது நாளிதழைக் கிழித்து நான்கு துண்டாக்கி மெஷினின் நான்கு மூலைக்கும் அடியில் வைத்தேன். இருபது நிமிஷம் எதிரே உட்கார்ந்து வேதியியல் படித்தேன். முன்பக்கம் இரண்டும் காய்ந்தே இருந்தன. பின்பக்கம் இரண்டும் நனைந்தன. வலது துண்டு முதலில் நனைந்தது. அதற்கு நேர் மேலேதான் டேங்க் உட்காரும் இடம்.

புத்தகத்தில் அடுத்த வரி: டேங்கின் அடி வாயில் உள்ள ரப்பர் வளையத்தைச் சரிபார்க்கவும்.

அந்த வரி எனக்கு முன்பே தெரியும். தெரியாததுபோல் மற்ற வரிகளையெல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தேன். வேறு ஏதாவது காரணம் கிடைத்துவிடாதா என்று.

சரி, ஒன்றை மட்டும் இன்று எழுதிவிடுகிறேன். டேங்கில் கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று அப்பா முதல் நாளே சொன்னார். எங்கள் போர் தண்ணீர் கொட்டிய இடமெல்லாம் வெள்ளை பூத்துவிடும். குழாய், பக்கெட், ஷவர் எல்லாம் அப்படித்தான். ஆனால் கேனைச் சாய்த்து ஊற்ற என்னால் முடியவில்லை. பாதி கீழே போகும். தனக்கொடி அக்காவைக் கூப்பிட்டால் நொடியில் ஊற்றித் தருவாள். ஆனால் இது என் வேலை என்று சண்டை போட்டு வாங்கியிருந்தேன். அதனால் ஒன்றரை மாதமாகக் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றினேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்றைக்கு மீதியையும் எழுதிவிட வேண்டும். நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியவில்லை. டெஸ்டில் எட்டு மதிப்பெண் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

போன வாரம் மெஷினில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. டேங்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சுவரெல்லாம் வெள்ளை உப்பு. அப்பா பார்த்தால் உடனே தெரிந்துவிடும், கேன் தண்ணீர் ஊற்றவில்லை என்று.

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். போன வருஷம் பிராக்ரஸ் கார்டில் அப்பா கையெழுத்தை நானே போட்டேன். மிஸ் கண்டுபிடித்து அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா அடிக்கவில்லை. காரில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "இன்னொரு பொய் என் காதுக்கு வந்துச்சுன்னா நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்தான். ரெண்டாவது பேச்சே கிடையாது." அப்பா சொன்னால் செய்வார். அண்ணன் முறை நிதின் அங்கேதான் படித்தான். காலையில் நாலரைக்கு மணி அடிப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்டாம். பொங்கலுக்கு வந்தவன் வீட்டுச் சோற்றைப் பார்த்து அழுதான்.

அதனால் யோசித்தேன். தனக்கொடி அக்கா வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத்தான் தேய்ப்பாள். கறுத்துப் போன விளக்கு பொன் மாதிரி வரும். செப்புக் குடத்தின் உப்புக்கறையும் புளியில்தான் போகும். அப்படியானால் டேங்கின் உப்பும் போக வேண்டுமே! எலுமிச்சம்பழ அளவு புளியைச் சுடுதண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, டேங்க் நிறைய ஊற்றி, மெஷினை ஓட வைத்தேன். முதலில் முனகியது. பிறகு பழுப்பாகத் தண்ணீர் வந்தது. மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

உப்பு போய்விட்டது. அது உண்மை. டேங்க் கண்ணாடி மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கு என்ன ஒரு மாதிரி ரசமாட்ட வாசம் வருது?" என்றார். அம்மா, "அந்தக் காப்பியே அப்படித்தானுங்க" என்று தோசையைத் திருப்பினாள். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் டேங்கின் அடி வாயில் புளி நார் ஒன்று சிக்கியிருந்தது. அங்கே ஒரு சின்ன அடைப்பான் இருக்கிறது, ஸ்பிரிங்கோடு. நாரை எடுக்க அதைப் பிடித்து இழுத்தேன். அதோடு கறுப்பு ரப்பர் வளையமும் கழன்று வந்தது. மோதிரம் அளவுதான் இருக்கும். வழுக்கி சிங்க்கில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றியது. ஜல்லடை மூடியைக் கழுவுவதற்காக எடுத்து வைத்திருந்தேன். என் கண் முன்னாலேயே ஓட்டைக்குள் போய்விட்டது. விரலை விட்டேன். கரண்டிக் காம்பை விட்டேன். போனது போனதுதான்.

பிறகுதான் என் சடையில் போடும் ரப்பர் பேண்டைப் பார்த்தேன். சின்னது, கறுப்பு, கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு நாள் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. நான் என்னைப் பெரிய இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அது தளர்ந்துவிட்டது. வேறு ஒன்று போட்டாலும் தளரும். சரியான வளையம் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை பஸ் ஸ்டாப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் கேட்க வேண்டும். அதுவரை தினமும் துடைத்தால் போதும்.

மூன்று பக்கம் எழுதிவிட்டேன். கை வலிக்கிறது, கண் சொருகுகிறது. நாளைக்கு ரெண்டாம் சனி, லீவு.

ஜூலை 13, சனி

தனக்கொடி அக்கா விழுந்துவிட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

வெள்ளி இரவு டேங்கைக் கழற்றி வைக்க மறந்துவிட்டேன். இந்த நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்ததும் என்னவோ எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது, அப்படியே தூங்கிவிட்டேன். லீவு என்பதால் அலாரமும் வைக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு ஒரு சத்தம். பாத்திரம் விழுந்த சத்தம் முதலில். அப்புறம் "அய்யோ அம்மா" என்று. நான் படியில் பாதி இறங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. டேங்க் முழுவதும் வடிந்து, மேடையிலிருந்து இறங்கி, வெள்ளை டைல்ஸில் பரவியிருந்தது. அதில் தண்ணீர் இருப்பதே தெரியாது. அக்கா பால் பாத்திரத்தோடு நடந்திருக்கிறாள். வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். பாலும் தண்ணீரும் கலந்து கிடந்த தரையில், மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அப்பாதான் காரில் கூட்டிப் போனார். இரண்டு எலும்பும் உடைந்திருக்கிறதாம். முழங்கை வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் அசைக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அக்கா என்னைப் பார்த்து, "அம்மணி, நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். சாப்பிட்டிருந்தேன். இரண்டு இட்லி.

அம்மா போனில் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவளே தரையக் கழுவீட்டுத் தொடைக்காம உட்டிருப்பா. கவனம் எங்கீங்க்கா இருக்குது இவுளுகளுக்கு."

நான் அப்போது ஹாலில்தான் இருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 15, திங்கள்

ஹார்டுவேர் கடைக்காரர் எந்த மெஷினுக்கு என்று கேட்டார். ஓடி வந்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

மெஷின் இன்னும் ஒழுகுவதை அம்மா பார்த்துவிட்டாள். இன்று நான் பள்ளியிலிருந்து வந்தபோது சாதிக் அண்ணன் சமையலறையில் இருந்தார். மிக்சி, கிரைண்டர், தண்ணீர் ஃபில்டர் எல்லாம் எங்கள் வீட்டில் அவர்தான் பார்ப்பார். மெஷினைத் திருப்பி வைத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் நின்றாள். நான் பையைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்லீங்க்கா. டேங்க் வாயிலதான் கசியுது. இங்க ஒரு வாஷர் இருக்கோணும். அதக் காணோம்." சின்னக் குறடு ஒன்றை உள்ளே விட்டு எதையோ இழுத்தார். "அதுக்குப் பதிலா யாரோ இதச் சுத்தி வெச்சிருக்காங்க பாருங்க. தலைக்குப் போடற ரப்பர் பேண்டு!" என்று சிரித்தார். "கெட்டிக்காரத்தனந்தான். ஆனா நாளெல்லாம் தண்ணீல கெடந்தா இது எங்கீங்க தாங்கும்?"

அம்மா அதைக் கையில் வாங்கினாள்.

சாதிக் அண்ணன் தலையை நிமிர்த்தியபோது என்னைப் பார்த்தார். என் இரட்டைச் சடையைப் பார்த்தார். சடை நுனியில் அதே கறுப்பு ரப்பர் பேண்டுகள். பிறகு குனிந்து பையில் எதையோ தேட ஆரம்பித்தார். வெகு நேரம் தேடினார்.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ரப்பர் பேண்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். "பின்னாடி குடியிருக்கறவ புள்ள இங்கதான் சுத்தீட்டிருக்கும். அது நோண்டியிருக்கும்" என்றாள்.

"இருக்குமுங்க" என்றார் அவர், பைக்குள் பார்த்துக்கொண்டே.

தண்ணீர் ஃபில்டருக்குப் போடும் வாஷர் ஒன்றை எடுத்து அழுத்தி மாட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இப்போது ஒரு சொட்டு ஒழுகவில்லை. எட்டு நாளாக நான் துடைத்தது ஐந்து நிமிஷ வேலை.

அவர் போனதும் அம்மா கேட்டாள்.

"சஷ்மி, அந்தச் சுபிக்ஷாவுக்கு நீ ரப்பர் பேண்டு குடுத்திருக்கறயா?"

"ஆமாம்மா."

"எத்தன?"

"நாலஞ்சு."

"அதானே பாத்தேன்" என்றாள் அம்மா.

நான் சொன்னது பொய் இல்லை. பள்ளி திறந்த வாரத்தில் சுபிக்ஷாவுக்கு நான்தான் சடை பின்னிவிட்டேன். பாக்கெட்டிலிருந்து ஐந்து எடுத்துக் கொடுத்தேன். எத்தனை பேர் வந்து கேட்டாலும் அது உண்மை.

ஜூலை 17, புதன்

மொகரம் விடுமுறை. ஆடி ஒன்றாம் தேதியும்கூட.

காலையில் அம்மா பின்பக்கம் போனாள். நான் மாடி ஜன்னலிலிருந்து கேட்டேன். அம்மா கத்தவில்லை. அம்மா கத்தினால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான்.

"நீ ஊட்டுக்குள்ள வந்து அந்த மெஷினத் தொட்டியா இல்லியா?"

"இல்லீங் பெரீம்மா. நாந்தொடவே இல்லீங்."

"பின்ன உன்ற ரப்பர் பேண்டு அதுக்குள்ள எப்படிப் போச்சு? றெக்க மொளைச்சுப் போச்சா?"

சுபிக்ஷா திரும்பத் திரும்ப இல்லீங் இல்லீங் என்றாள். அப்புறம் ஓர் அறை விழுந்த சத்தம். அடித்தது அம்மா இல்லை. தனக்கொடி அக்கா. இடது கையால் அடித்திருக்கிறாள்.

"உண்மையச் சொல்லுடி! உன்னாலதான்டி எனக்குக் கையி போச்சு! இனி எந்தக் கையில உனக்குச் சோறு பொங்கிப் போடறது?"

சுபிக்ஷா "நானில்லம்மா" என்றுதான் சொன்னாள். அழும்போதுகூட வேறெதுவும் சொல்லவில்லை.

அப்புறம் அம்மா, ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றாள். ஒட்டன்சத்திரத்திலிருந்து வேறு ஆள் வருகிறதாம், அவளுக்கு அறை வேண்டுமாம்.

"அக்கா, ஆடி பொறந்துருச்சுங்க. ஆடீல யாருங்க்கா குடி மாத்துவாங்க? கேட்டாலும் எவனும் வீடு குடுக்க மாட்டானுங்க. ஆவணி ஒண்ணாந்தேதி போயர்றனுங்க. சம்பளமே வேண்டாமுங்க, ஒரு கையில முடிஞ்சதச் செய்யறேன்" என்று தனக்கொடி அக்கா கெஞ்சினாள்.

"அதுக்கு நான் என்ன பண்றது? மாசத்த நானா பொறக்க வெச்சேன்?"

மத்தியானம் சுபிக்ஷா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் விரல் தடம் தெரிந்தது. என்னைப் பார்த்து, "அக்கா, நெசமா நானில்ல. நீங்களாச்சும் நம்பறீங்களா?" என்று கேட்டாள்.

நம்புகிறேன் என்றேன்.

ஜூலை 18, வியாழன்

என் அலமாரி டிராயரில் இருந்த ரப்பர் பேண்ட் பாக்கெட்டைக் காணவில்லை. அதன் இடத்தில் நீலத் துணி பேண்டுகள் இருக்கின்றன, இன்னும் அட்டையிலிருந்து கழற்றாதவை. காலையில் அம்மா அவற்றைப் போட்டே சடை பின்னிவிட்டாள். நான்கு வருஷமாக எனக்கு நானே பின்னிக்கொள்கிறேன். இன்று தானாக வந்து பின்னினாள்.

முடி உடையும் என்பதற்காக மாற்றியிருக்கலாம்.

ஜூலை 19, வெள்ளி

அம்மாவிடம் சொல்லப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த மெஷின்ல..."

"மெஷின்தான் சரியாயிருச்சல்ல. அப்புறமென்ன?"

"இல்லம்மா, அந்த ரப்பர் பேண்டு..."

"சஷ்மி." என் பள்ளிச் சட்டையை உதறி மடித்தாள். "உன்ற அப்பா ஹாஸ்டல்னு சொன்னாருன்னா சொன்னதுதான். நான் குறுக்க உழுந்து தடுக்க முடியாது. உனக்கு ஏதாச்சும் சொல்லோணுமா?"

அவள் மடித்து வைத்த துணியை நான் அடுக்க ஆரம்பித்தேன்.

"ஒண்ணுமில்லைன்னா போய்ப் படி. யாரும் உன்னைய எதுவும் கேக்கல."

நான் வந்துவிட்டேன். நேற்று எழுதியதை அடித்துவிடலாம் என்று நோட்டைத் திறந்தேன். முடி உடையும் என்பதற்காக இல்லை. அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். அந்தப் பாக்கெட்டை வாங்கித் தந்ததே அம்மாதான். அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். அப்படி நினைத்ததும் நான்தான்.

இதில் இன்னொன்று. அம்மா அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதக் கூசுகிறது.

ஜூலை 20, சனி

காலையில் தனக்கொடி அக்கா வாடகைக்கு அறை கேட்டுக் காங்கேயம் ரோட்டுப் பக்கம் போய்விட்டு வந்தாள். மூன்று இடத்திலும் ஆவணியில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். நாளைக்குக் கரூர் பஸ் ஏறுகிறாள், அவள் தம்பி வீட்டுக்கு. தம்பி பெண்டாட்டி எத்தனை நாள் வைத்திருப்பாளோ என்று பக்கத்து வீட்டுக் காவல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சுபிக்ஷாவின் டி.சி. பற்றி யாரும் பேசவில்லை. அவள் புத்தகங்களை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். காப்பி மெஷின் வந்த பெட்டி அது. நான்தான் மே மாதம் விளையாடக் கொடுத்தேன்.

ஒரு கையால் பாத்திரத்தைக் கோணியில் போட முடியாமல் அக்கா கோணியின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு போட்டாள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மணி, நீங்க எதுக்கு இதெல்லாம் பண்டறீங்க. போய்ப் படிங்க."

"பரவால்லக்கா."

"அந்தப் புள்ளைய அடிச்சுப் போட்டேன். இத்தன வருசத்துல கைய நீட்டினதில்லீங்க. அவ இன்னும் என்றகூடப் பேச மாட்டீங்கறா." கோணியைக் கட்டினாள். "செய்யலீன்னா செய்யலீன்னுதான சொல்லும் புள்ள. செஞ்சிருந்தா இத்தன நாளைக்கு ஒளிக்கத் தெரியுமா அதுக்கு?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது அம்மா மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

அங்கேயே நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போனேன்.

சாயங்காலம் முழுக்க அப்பா வரும் வரை ஜன்னலில் நின்றேன். நேரில் சொன்னால் என் வாய் ஏதாவது பாதியை விழுங்கிவிடும். எனக்கு என்னைத் தெரியும். உண்மையை வைத்தே பொய் சொல்லத் தெரிந்தவள் நான். அதனால் இந்த நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்:

"அப்பா, டேங்கின் ரப்பரைத் தொலைத்தது நான். ரப்பர் பேண்ட் மாட்டியது நான். தண்ணீர் ஒழுகுவது அக்கா விழுவதற்கு ஐந்து நாள் முன்பே எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லாமல் துடைத்தேன். போன வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி டேங்கைக் கழற்றி வைக்க மறந்ததும் நான்தான். அதனால்தான் அக்கா விழுந்தாள். சுபிக்ஷா அந்த மெஷினைத் தொட்டதே இல்லை. நான் ஹாஸ்டலுக்குப் போகிறேன். அவர்களை அனுப்பாதீர்கள்."

அம்மாவைப் பற்றி எழுதவில்லை. எழுதலாமா என்று யோசித்தேன். அது அம்மா சொல்ல வேண்டியது.

அப்பா சாப்பிட்டு முடித்ததும் சர்க்கரை மாத்திரை போடுவார். மாத்திரை டப்பாவுக்குள் அட்டையின் மேலே மடித்து வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். அப்போது மணி ஒன்பதரை.

இப்போது பத்தே கால். கீழே நடப்பதெல்லாம் காதில் விழுகிறது.

தட்டு கழுவும் சத்தம் நின்றது. டிவி நின்றது. பிறகு அப்பாவின் குரல். மெதுவான குரல்.

"கலாமணி, இங்க வா. இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அப்பா இன்னொரு முறை கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்ட சத்தம், யாரோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

பின்கதவின் தாழ்ப்பாள் திறக்கிறது. அப்பா பின்பக்கம் போகிறார். "தனக்கொடி" என்று கூப்பிடுகிறார். "தூங்கிட்டயாம்மா?" அப்பா அவளை ஒருநாளும் "அம்மா" போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. சுபிக்ஷாவின் குரலும் கேட்கிறது. கோணி இழுபடும் சத்தம், வெளியே போகிறதா உள்ளே வருகிறதா தெரியவில்லை.

அப்பா என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருக்கிறேன். துணி எடுத்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஹாஸ்டலுக்கு எத்தனை செட் கொண்டு போக வேண்டும் என்று நிதினைக் கேட்க வேண்டும்.

படிக்கட்டில் யாரோ வருகிறார்கள். செருப்பில்லாத கால். அப்பா இல்லை, அவர் இரண்டு இரண்டு படியாக ஏறுவார். அம்மாவின் கொலுசுச் சத்தமும் இல்லை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வருகிறது.

கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அணைக்கவில்லை.

தட்டுகிறார்கள். மெதுவாக, பழக்கமில்லாத கையால் தட்டுவதுபோல். இந்த வீட்டில் யாரும் என் கதவைத் தட்டுவதில்லை. அம்மா தள்ளிக்கொண்டு வருவாள், அப்பா கீழிருந்தே கூப்பிடுவார். தட்டிவிட்டு, திறக்கும் வரை வெளியே நிற்பது ஒருத்திதான். அம்மா அவளை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறாள்.

"அம்மணி" என்கிற குரல். கோபமா என்று தெரியவில்லை. இன்னொரு முறை தட்டுகிறாள். நான் போய்த் திறக்கிறேன்.